நாற்பத்தொரு தையல்

“வண்டி எங்க இருக்குது?” என்று தேவசுந்தரி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

ஜெபதுரையின் உயிர் பிரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் பாயின்மேல் கிடத்தியிருந்தார்கள். அவருடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த அக்காள் மனோன்மணி நிமிர்ந்து பார்த்தாள். தம்பியைப் பறிகொடுத்த துக்கமும், தம்பி பெண்டாட்டிமேல் இருபது வருஷமாக இருந்துவந்த அதிருப்தியும் அந்தப் பார்வையில் சரிபாதியாக இருந்தன.

“புருஷன் பொணமா கெடக்கறான். இவளுக்கு சைக்கிள் விசாரம்!”

பக்கத்து வீட்டு கௌரியம்மாள் இடையில் புகுந்தாள். “இருக்கட்டும் விடும்மா, துக்கத்துல ஏதோ கேக்குது. வீராசாமி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தள்ளிகினு போனான் சுந்தரி. ஹாண்டில் கோணிகினு இருக்குதாம், நிமித்தறேன்னான்.”

“பின் டயரு?”

“அத யாரு பாத்தா?”

தேவசுந்தரி வாசல் பக்கம் பார்த்தாள். அவளுக்குப் பித்து ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. பின் டயரில் அவள் போட்ட தையல் இருக்கிறதா, விட்டுவிட்டதா? அது தெரியாமல் அவளுக்கு அழுகை வரவில்லை. விட்டிருந்தால், இந்த மனிதருக்காக அழுவதற்கே தனக்கு என்ன பாத்தியதை என்று நினைத்தாள்.

ஜெபதுரை திருத்தணி மிஷன் சபையின் உபதேசியார். மலைமேல் இருக்கும் சாமிக்கு ஊரே சேவகம் செய்கிற இடத்தில், கீழே ஸ்டேஷன் பக்கம் பதினெட்டுக் குடும்பங்களை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மணியடித்தவர். மற்ற நாட்களில் அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டத்துச் சிறு சபைகளுக்கு மிஷன் கொடுத்த சைக்கிளில் போய்வருவார். சுருதி என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் எந்தப் பாட்டையும் அவர்தான் முதலில் எடுப்பார்; சபையார் இரண்டாவது அடியில் நுழைந்து பாட்டைக் காப்பாற்றுவார்கள். கோபம் வராத மனிதர். அவருக்குக் கோபம் வரவில்லையே என்று மனோன்மணிக்குத்தான் கோபம் வரும்.

யுத்தம் வந்தது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன கையோடு ரப்பரும் போயிற்று. டயர் வேண்டுமென்றால் பர்மிட் என்றார்கள். ஜெபதுரை ஜில்லாத் தலைநகரமான சித்தூருக்குத் தெலுங்கில் ஒரு மனுவும் இங்கிலீஷில் ஒரு மனுவும் எழுதிப் போட்டுவிட்டு, எட்டு மாதமாகத் தபால்காரனைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். தபால்காரனும் பதிலுக்குச் சிரித்தான். டயர்தான் வரவில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் வீராசாமியின் சைக்கிள் கடையில் விற்கிறதுக்கு ஒரு சாண் ரப்பர் கிடையாது. ஆனால் அவனுடைய சொந்த வண்டியில் மட்டும் நல்ல பின் டயர் இருந்தது. யுத்தத்துக்கு முந்தி வாங்கிப் பூட்டியது, மேலே இருக்கிற ரப்பர் பட்டன் தேயாதது. கல் ரோடு வந்தால் இறங்கித் தள்ளுவான். வெயிலில் நிறுத்த மாட்டான். பெண்டாட்டியைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆள் விட்டுக் கேட்டபோதுகூட, “சாவறப்போ கழட்டித் தரேன்னு சொல்லு” என்று அனுப்பிவிட்டான்.

போன மாதம் ஜெபதுரையின் பின் டயர் ஓரத்தில் அரைச் சாண் நீளத்துக்குக் கிழிந்தது. வீராசாமி வீட்டுக்கே வந்து, உள்பக்கம் கித்தான் துண்டு வைத்து ஒட்டினான். “இது மட்டும் பத்தாது சார். தைக்கவும் வேணும். செருப்பு தைக்கற வீரபத்திரன் இருந்தா ஒரு நொடி வேலை. அவன் பட்டாளத்து பூட்ஸு தைக்க ஆவடிக்குப் போய்ட்டான்.”

“நான் தைக்கறேன்” என்றாள் தேவசுந்தரி.

அவள் மிஷன் போர்டிங்கில் படித்தவள். தையல் கற்றுக்கொடுத்த துரைசானி அம்மாளிடம் பரிசு வாங்கியவள். தையல் என்றால் நெருக்கமாக இருக்க வேண்டும், தள்ளித் தள்ளிப் போடுவதற்குப் பெயர் மூட்டை கட்டுவது என்பது துரைசானி அம்மாளின் சட்டம். இருபத்தைந்து வருஷமாக தேவசுந்தரி அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் கொடுத்த பாவு நூலை எட்டு இழையாக முறுக்கினாள். ஆலயத்தில் மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டில் அதை இழுத்து இழுத்து மெழுகேற்றினாள். கோணி ஊசியால் குத்தத் தொடங்கினாள்.

வீராசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தள்ளித் தள்ளிப் போடுங்கம்மா” என்றான். “ஓட்டை நெருக்கமா இருந்தா டயரு தாங்காது.”

“நெருக்கி தச்சாதானே கெட்டி? உனக்குப் பஞ்சர் ஒட்டறது தெரியும், எனக்குத் தையல் தெரியும்.”

ஜெபதுரை சிரித்தார். “அவ கையில ஊசி இருக்கறப்போ நானே வாயத் தொறக்க மாட்டேன். நீ எங்கடா நடுவுல?”

அரைச் சாணுக்கு நாற்பத்தொரு தையல் விழுந்தது. ஒன்றுக்கொன்று முடியளவு வித்தியாசம் இல்லை. முடிந்ததும் வீராசாமி கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். “மிஷின்ல தச்சாப்ல இருக்குதும்மா” என்றான். காற்றடித்துக் கொடுத்தான். ஜெபதுரை போகிற ஊரிலெல்லாம் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, “இது எங்க வீட்டு வேலை” என்று காட்டிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவாராம்.

நேற்று சாயங்காலம் அம்மையார்குப்பத்திலிருந்து திரும்புகிற வழியில், ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது, இறக்கத்தில் விழுந்துவிட்டார். பின்மண்டை மதகுக் கல்லில் அடிபட்டிருந்தது. கரும்பு ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரர் பாரத்தை வழியில் இறக்கிப் போட்டுவிட்டு அவரைக் கொண்டுவந்தார். பின்னால் சைக்கிளைக் கட்டியிருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் அதைப் பார்த்த வீராசாமி கடையை அப்படியே போட்டுவிட்டு, தன் வண்டியில் கூடவே வந்தான். டாக்டர் வந்து கட்டுப் போட்டார். காலை ரயிலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். காலை ரயில் போகும்போது ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

விடிந்த பிறகு ஒரு தடவை அவருக்கு நினைவு வந்தது. தேவசுந்தரி அடுப்படியில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. வீராசாமி குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சரி என்று தலையை ஆட்டினான். இரண்டு தடவை ஆட்டினான்.

“இன்னா சொன்னாரு?”

“தண்ணி கேட்டாருங்கம்மா” என்றான் வீராசாமி.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அது கடைவாயில் வழிந்தது. பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு, எங்கிருந்தோ, தபால் தலைத் தாள் ஞாபகம் வந்தது. அதில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பது எதற்கு? அந்த வழியாகக் கிழிய வேண்டும் என்றுதானே. இத்தனை வருஷம் மிஷனுக்குக் கடிதம் போட்டு, தபால் தலை கிழித்துக் கிழித்து ஒட்டியவளுக்கு இது தெரியாமல் போயிற்றே. நாற்பத்தொரு ஓட்டை. நெருக்கி நெருக்கிப் போட்டது அவள் கைதான். 

வெளியே ஆசாரி பெட்டிக்குப் பலகை இழைக்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி ரயிலில் மகள் தபிதாள் அரக்கோணத்திலிருந்து வந்தாள். அதே ரயிலில் போதகரும் வந்தார். தபிதாள் வாசலிலிருந்தே “நைனா, நைனா” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அப்பாவின்மேல் விழுந்தாள். பிறகு தாயின் தோளில் சாய்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏம்மா நீ அழ மாட்டேங்கற? அழுதுடும்மா. எனக்குப் பயமா இருக்குது.”

தேவசுந்தரி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வாயைத் திறந்தால் தையல் என்ற வார்த்தைதான் வரும் போலிருந்தது.

அந்த வார்த்தையை மனோன்மணி எடுத்தாள். எடுக்காமல் விடுகிறவள் அல்ல அவள். வந்திருந்த பெண்கள் எப்படி நடந்தது என்று கேட்டதும், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எப்டி நடக்கும்? கிழிஞ்ச டயரைத் தச்சுக் குடுத்து, போய்ட்டு வான்னு அனுப்பினா எப்டி நடக்கும்? நான் அன்னைக்கே கேட்டேன், டயரு தைக்கறது பொம்பளை வேலையான்னு. என் தம்பி அதையும் பெருமையா ஊரெல்லாம் காட்டிகினு திரிஞ்சான்.”

“அத்தே!” என்றாள் தபிதாள்.

“இல்லன்னு சொல்லச் சொல்லு உங்கம்மாவை.”

தேவசுந்தரி சொல்லவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை.  கௌரியம்மாள் விசிறியை எடுத்து, பிணத்துக்கு வீசுவதா உயிரோடு இருக்கிறவளுக்கு வீசுவதா என்று தெரியாமல் பொதுவாக வீசினாள்.

அப்போது வாசலில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. வீராசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

“டயருக்கு ஒண்ணும் ஆவலீங்கம்மா” என்று மனோன்மணியைப் பார்த்துச் சொன்னான். “முன் சக்கரம் கல்லு மேல ஏறி மடங்கி இருக்குது. ஹாண்டில் அதனாலதான் கோணிச்சு, நிமித்திட்டேன். டயரு மேல பழி போடாதீங்க.”

மனோன்மணி லேசில் நம்பிவிடுகிறவள் அல்ல. எழுந்து புடவையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தேவசுந்தரியும் எழப் பார்த்தாள். “நீ எங்கம்மா போற? அவரு பக்கத்துல இரு” என்று இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாசலில் மனோன்மணி சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பதும், குனிந்து பார்ப்பதும் நிழலாகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவள் நடையில் வேகம் இல்லை. தேவசுந்தரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“டயரு முழுசா இருக்குது. காத்து கல்லாட்டம் நிக்குது” என்றாள். தேவசுந்தரியின் கையைப் பிடித்தாள். “நான் ஒரு பாவி, சுந்தரி. வாயிருக்குதுன்னு பேசிட்டேன். நீ தச்சது நிக்குதுடி. என் தம்பிக்கு வேளை வந்துடுச்சு, அவ்ளோதான்.”

தேவசுந்தரி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கணவனின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்தது. நாத்தனாரின் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, அடிபட்ட பிராணி மாதிரி குரலெடுத்து அழுதாள். மனோன்மணியும் அழுதாள். அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிட்டாளே என்று கௌரியம்மாள் நிம்மதியாக மூக்கைச் சிந்தினாள்.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அன்றைக்குக் கிருத்திகை. ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற ரோடு முழுக்கக் காவடி. முக்கில் அந்தக் கூட்டமும் இந்தக் கூட்டமும் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. யார் வழி விடுவது என்று ஒரு நிமிஷம் ஒருவருக்கும் தெரியவில்லை. காவடி தூக்கியிருந்த ஒரு நெசவாளர் பெட்டியைப் பார்த்தார், பின்னால் வந்த முகங்களைப் பார்த்தார். “நம்ம உபதேசியாரு” என்றார். மேளம் நின்றது. காவடிகள் ஓரமாக ஒதுங்கின. பெட்டி கடந்து போகிறவரைக்கும் மேளம் மறுபடி கேட்கவில்லை.

கல்லறையில் பாட்டுப் பாட வேண்டிய நேரம் வந்தது. யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் பழக்கத்தில் அவருக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் போதகர் எடுத்தார். சுருதி சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைத்தான் தேவசுந்தரியால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் அழுதுகொண்டே பாடினாள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். நான் செய்தது இல்லை, நான் செய்தது இல்லை என்று மனத்துக்குள் ஒரு ஆறுதல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்துக்காரர்கள் புறப்பட்டார்கள். போதகர் வாசலில் நின்று, பள்ளிப்பட்டிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்திருந்த சுந்தர்சிங் என்ற இளம் உபதேசியாரைக் கூப்பிட்டார். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

“நாளைக்கு ஞாயிறு. அம்மையார்குப்பத்துல ஆராதனை நிக்கக் கூடாது. மிஷன் வண்டியை நீங்க எடுத்துக்கங்க. இனிமே அந்தப் பக்கமும் நீங்கதான் பாக்கணும்.” பிறகு தேவசுந்தரியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு வருத்தம் இல்லையேம்மா?”

“இல்லீங்க ஐயா.”

சுந்தர்சிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாண்டிலைப் பிடித்தான். ஸ்டாண்டை எடுத்தான்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க” என்றாள் தேவசுந்தரி.

இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல் நிற்கிறது என்று மனோன்மணி சொன்னாள்தான். ஆனால் மனோன்மணிக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்? ஒரு தையல் தளர்ந்திருந்தாலும் இன்னொரு வீட்டுப் பெண் நாளைக்கு இப்படி உட்கார வேண்டும். தன் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

டயர் ஓரம் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. விரலால் வழித்தாள். அடியில் இன்னும் ஈரமாக இருந்தது. இந்த ஊரில் மழை பெய்து இருபது நாளாகிறது. ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். சக்கரத்தை மெல்ல உருட்டி, மறுபடி ஓட்டினாள். காற்றுக் குழாயிலிருந்து தொடங்கி மறுபடி காற்றுக் குழாய்வரை வந்தாயிற்று. மெழுகு இல்லை. நூல் இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை. சேற்றுக்கு அடியில் பட்டன்கள் தேயாமல், விளிம்பு கூராக, விரலில் உறுத்தின.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலி ஓரமாக வீராசாமி நின்றிருந்தான். கையில் இருந்த துணியை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

தண்ணி கேட்டாருங்கம்மா என்று காலையில் அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. இரண்டு தடவை அவன் தலையை ஆட்டியதும் தெரிந்தது. தண்ணீர் கேட்டதற்கா அவன் இரண்டு தடவை தலையை ஆட்டினான்?

“இன்னாம்மா, டயரு சரியா இருக்குதா?” என்று சுந்தர்சிங் கேட்டான்.

வாசற்படியில் மனோன்மணி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையை தபிதாள் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

“ஆங்” என்றாள் தேவசுந்தரி. “கெட்டியா இருக்குது. பயப்படாம எடுத்துகினு போங்க.”

சுந்தர்சிங் ஏறிப் போனான். தேவசுந்தரி எழுந்தாள். கையைக் கழுவ வேண்டும் என்று கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்தாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தின் பின்சுவரும் சந்தும் தெரியும்.

வீராசாமி தன் வண்டியை எடுத்துக்கொண்டு சந்தில் வந்தான். காரியரில் வளையமாக எதையோ சாக்கில் சுருட்டிக் கட்டியிருந்தான். சீட்டுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, முன்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி நடந்தான். பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. நடுவில் ஒரு தடவை நின்று கை மாற்றிக்கொண்டான். அப்போதும் கீழே வைக்கவில்லை. வீட்டைத் தாண்டினான். ஆலயத்துச் சுவரையும் தாண்டினான். முக்கில் திரும்பி மறைந்த பிறகுதான் சக்கரத்தை இறக்கினான் போலிருக்கிறது. வெறும் இரும்பு வளையம் கல்ரோட்டில் உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

ரயில்வே கேட் வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. தேவசுந்தரி இறைத்த தண்ணீரை வாளியிலேயே விட்டுவிட்டு, சேறு காய்ந்த கையோடு உள்ளே போனாள்.